டீச்சர் காரும் கட்டில் இரும்பும்

லுமெரா கார் வாங்க நினைக்கிறவன் எங்கள் பக்கத்தில் முதலில் வங்கிக்குப் போக மாட்டான், நிமியாவிடம்தான் போவான். கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். எந்த லுமெரா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்த அசுன்சியோன் வட்டாரத்தில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று நிமியாவே சொல்வாள். மற்றவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அவள் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

வயது நாற்பத்து மூன்று. கட்டுக்குட்டான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட ஆண்பிள்ளைச் சட்டை. சட்டைப்பையில் எந்நேரமும் மூன்று சாமான்கள் இருக்கும்: பழைய காலுறையில் சுற்றிய காந்தம், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, ஒரு டார்ச். காந்தம் ஒட்டவில்லை என்றால் அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறான் என்று அர்த்தம். தரைவிரிப்பை முகர்ந்து பார்த்தே, இந்த வண்டி தெருவில் மழை வெள்ளம் ஓடியபோது மிதந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். விற்கிறவன் வெயிலுக்கு இதமாக நீட்டும் ஐஸ் போட்ட மூலிகைப் பானம் தெரெரேயைத் தொடவே மாட்டாள். "உன் கையால ஜில்லுன்னு வாங்கிக் குடிச்சிட்டு அப்புறம் எப்பிடிய்யா உன் வண்டியத் திட்டறது?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வானொலியில் அரை மணி நேரம் அவளுடையது. அறிவிப்பாளன் தெர்லிஸ், எங்கள் பக்கத்து மரியாதைக்கு 'ஞா' சேர்த்து, "ஞா நிமியா, லுமெரா குடும்பத்த ஒரு தடவ சொல்லிடுங்க" என்று எடுத்துக் கொடுப்பான். வாராவாரம் கேட்டதுதான். ஆனாலும் இறைச்சி சுடுகிறவன் நெருப்பை விசிறுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான்.

"மொத பொறப்பு, சோப்புப் பெட்டி. எஞ்சினுக்குச் சாவே கெடையாது, ஒத்துக்கறேன். ஆனா ஒடம்பு பூரா துரு. காலக் கீழ வச்சா ரோட்டுல வைப்ப. கோழி அடைக்கணும்னா வாங்கு. ரெண்டாவது, தவளை. முட்டக்கண்ணு. வெயில் ஏறிட்டா கியர் மாறும்போது ஒரு குதி குதிக்கும் பாரு, பின்னால உக்காந்த மாமியார் முன்னால வந்துருவா. மூணாவது, டீச்சர். மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி லைட்டு. எஞ்சினுக்குள்ள பெல்ட்டு இல்ல, சங்கிலி. அறுந்துருமோங்கற கவலையே வேணாம். கல்லு பாவின ரோட்டுல தெனம் அடிச்சாலும் முணுமுணுக்காது. நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். டீச்சர கண்ண மூடிட்டு வாங்கு! நாலாவது, மாப்பிள்ளை. பளபளன்னு இருப்பாரு, ஒடம்பு பூரா வயரு. உச்சி வெயில்ல வேல சொன்னா கோவிச்சிட்டு நடுரோட்டுல நின்னுருவாரு. அவர மாமனார் வீட்லயே விட்டுட்டு வா."

'கண்ண மூடிட்டு' என்னும் இடத்தில் தெர்லிஸும் கூடச் சேர்ந்து சொல்வான். பதினொரு வருடமாக இதே பாட்டு. எத்தனை குடும்பம் அந்த ஒரு சொல்லை நம்பி டீச்சர் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. நிமியா ஓட்டுவதும் சாம்பல் நிற டீச்சர்தான்.

அவளுக்கு இவ்வளவு தெரிந்ததில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள் கப்பலேறி, சிலி நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, மலை தாண்டி எங்கள் நாட்டுக்கு வரும். அங்கே ஸ்டியரிங் வலது பக்கம், இங்கே இடது பக்கம். பிடுங்கி மறுபக்கம் நட வேண்டும். அதற்கென்றே பட்டறைகள் உண்டு. அப்படி ஒரு பட்டறையில், முதலாளி டோன் எலாதியோவிடம், நிமியா பத்து வருடம் வெல்டு அடித்தாள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். டீச்சர் முதன்முதலாக வந்து இறங்கியது எங்கள் குளிர்காலமான ஜூனில்; அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. எலாதியோ இப்போது நெடுஞ்சாலை ஓரம் பழைய கார்த் திடல் வைத்திருக்கிறார். வண்ணக் கொடிகள், பலூன்கள், வரிசையாகக் கழுவி நிறுத்திய கார்கள், நடுவே நிழலில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் அவருடைய தொந்தி.

ஒரு வியாழக்கிழமை நிமியாவை அங்கே கூட்டிப்போனவள் மிர்த்தா. காக்குபே மலை மேலிருந்து வந்திருந்தாள். சிப்பா ரொட்டி சுட்டு விற்கிறவள். கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தாள், கூடைக்குள்ளிருந்து சோம்பும் பாலாடைக்கட்டியும் மணத்தன. இருபது வருடமாக விடிகாலை பஸ்ஸில் மலை இறங்கி விற்கிறாள். இப்போது கீழே ஆஸ்பத்திரி கேண்டீனிலிருந்து தினம் முந்நூறு சிப்பா கேட்டிருக்கிறார்கள், ஒன்றாம் தேதியிலிருந்து. பஸ்ஸில் முந்நூறைக் கொண்டுபோக முடியாது. இரண்டு பசுக்களை விற்றுவிட்டுக் கார் வாங்க வந்திருந்தாள்.

"வெள்ள டீச்சர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் ஞா நிமியா. எனக்கு ஒரே ஒரு தடவதான் வாங்க முடியும். நாலுமணி இருட்டுல அந்த மலைய நான் தெனம் எறங்கணும். அதான் ஒங்களக் கூப்பிட்டேன்."

"டீச்சர்னா பாதி வேல முடிஞ்சுது. வா, மீதியப் பாத்துருவோம்" என்றாள் நிமியா.

எலாதியோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வந்துட்டாளா என் சிஷ்யை! ஏம்மா, இவள நம்பியா பசு மாட்ட வித்த? இவளுக்கு ஸ்பானர் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்."

"அதான் முதலாளி, நீங்க எங்கெங்க மறைப்பீங்கன்னு எனக்கு அத்துப்படி" என்றாள் நிமியா. சுற்றி நின்ற விற்பனையாள்கள் சிரித்தார்கள். எலாதியோவும் சிரித்தார். தொந்தி மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் குலுங்கியது.

நிமியா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். காந்தம் நான்கு கதவிலும் கச்சிதமாக ஒட்டியது. தரைவிரிப்பில் வெள்ள நாற்றம் இல்லை. எண்ணெய் அளவுக்கம்பியைத் துடைத்து, முகர்ந்து, விரலில் தேய்த்தாள். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. வைப்பர் மட்டும் இன்னும் ஜப்பான்காரனுக்கே துடைத்துக்கொண்டிருந்தது, இடது ஓரத்தில் ஒரு கை அகலத்தை விட்டுவிட்டு. அது இடம் மாற்றிய எல்லா வண்டியிலும் இருப்பதுதான். திடலைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"எடுத்துக்க. கண்ண மூடிட்டு எடுத்துக்க."

மிர்த்தா எடுத்துக்கொள்ளவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, தானே உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள். நிறுத்தினாள். மறுபடியும் திருப்பினாள்.

"டிக்குன்னுது."

"எது?"

"இது. எடது பக்கம் திருப்பும்போது உள்ள என்னமோ டிக்குன்னுது. கேளுங்க."

"அம்மாடி, இங்க வந்தே பதினாறு வருஷமான வண்டி" என்றார் எலாதியோ. "ஒம் மொழங்கால் டிக்குங்கறதில்லயா?"

"என் மொழங்கால நம்பி நான் மலை எறங்கல டோன்."

நிமியாவுக்குச் சுருக்கென்றது. தன் தீர்ப்புக்கு மேல் ஒரு சிப்பாக்காரி தீர்ப்புச் சொல்வதா! "டீச்சர் கிளாசுக்கு முன்னால லேசா ஒரு தடவ கனைக்கும். அது கொணம். பயப்படாத" என்றாள்.

"இருபது வருஷமா மண்ணடுப்போட கெடக்கேன் ஞா நிமியா. அடுப்பு வெடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால இப்பிடித்தான் டிக்குன்னும். யாராவது உள்ள பாத்துச் சொல்லுங்க. இல்லாட்டி நான் பஸ் ஏறிடறேன்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பதினொரு வருடத்தில் எத்தனையோ டீச்சர்களை நிமியா சோதித்திருக்கிறாள். அந்த ஒரு இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் தண்டைத் தாங்குகிற பிராக்கெட்டில், ஒரு தடவைகூடக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை. சோம்பல் இல்லை. அங்கே இருப்பது அவள் பட்டறை வேலை, அவள் கையே போட்ட வெல்டு. தன் கை செய்ததைத் தானே சோதிப்பாளா? யார் சோதிப்பார்கள்?

'சரி, இந்தப் பிடிவாதக்காரியின் வாயை அடைப்போம்' என்று நிமியா மல்லாந்து படுத்து, தலையை பிரேக் மிதிகளுக்கு நடுவே விட்டு, டார்ச்சை அடித்து, கண்ணாடியை உள்ளே நீட்டினாள்.

முதலில் பச்சைதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பச்சை.

சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஜூன் மாதம். டீச்சர்கள் மூன்று லாரி வந்து இறங்கிவிட்டன, அவற்றுக்கான பிராக்கெட் அடிக்கிற அச்சு வந்து சேரவில்லை. பட்டறையில் இருந்தது தவளைக்கான பிராக்கெட். டீச்சருக்குள் குறுக்குச் சட்டம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது, பிராக்கெட் எட்டவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நிமியாதான் வழி கண்டுபிடித்தாள். பின்பக்கம் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கட்டில்கள் பழைய இரும்பாகக் கிடந்தன. கட்டில் சட்டத்தை விரல் நீளத்துக்கு அறுத்து, இடைவெளியில் வைத்துப் பற்றவைத்தாள். எலாதியோ இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. "பேஷ்!" என்று அன்றைக்கே பட்டறை முழுக்க இறைச்சி சுட்டுப் போட்டார், அவளுக்கு மட்டும் தனியாக ஒரு முழு விலா. "எமனே வந்து இழுத்தாலும் வராது" என்று அவளும் எண்ணெய் வழிய வழியச் சொன்னாள். இருபத்தேழு வயதில் யாருக்குத்தான் வாய் நிற்கும்.

கண்ணாடியில் இப்போது தெரிந்தது அந்தக் கட்டில் இரும்புதான். வெல்டு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. அது அவளுடைய கைப்பழக்கம். ஒவ்வொரு வெல்டையும் அப்படித்தான் முடிப்பாள். கொக்கிக்குப் பக்கத்திலிருந்து பாதி நீளத்துக்குக் கருப்பாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. "திருப்பு" என்றாள். மிர்த்தா பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். விரிசல் வாயைத் திறந்து மூடியது. டிக்.

வெளியே வந்தபோது நிமியா முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சொல்லுது என் டீச்சர்?" என்றார் எலாதியோ.

"இந்த வண்டிய யாருக்கும் குடுக்காதீங்க. நாளைக்கு வரேன்." மிர்த்தாவிடம் திரும்பினாள். "நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. எனக்கு ரெண்டு நாள் குடு."

மிர்த்தா கூடையிலிருந்து ஒரு சிப்பாவை எடுத்து நீட்டினாள். "சாப்டுங்க. மொகம் வெளுத்துப் போச்சு." நிமியா வாங்கிக்கொண்டாள். எந்தத் திடலிலும் அவள் எதையும் வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் தன் சாம்பல் டீச்சரின் ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பட்டையான, சரியான பிராக்கெட். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதியே அவளைச் சுட்டது. தன் தலை தப்பியது என்று சந்தோஷப்படவா படுத்துப் பார்த்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை எலாதியோவின் திடலில் விற்பனையாள்கள் வருவதற்கு முன்பே போய் நின்றாள்.

"முதலாளி, கட்டில் இரும்பு."

எலாதியோ தெரெரேயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கட்டில்?"

"என் காதுல பூ சுத்தாதீங்க. வெள்ள டீச்சர்ல என் வெல்டு பிளந்து கெடக்கு. அப்ப பத்தொம்பது வண்டிக்குப் போட்டேன். தங்கச்சி பிரசவத்துக்கு புவனோஸ் அயர்ஸ் போனேன். நான் திரும்பி வந்தப்ப சரியான அச்சு வந்திருந்துச்சு. பத்தொம்பதுதானே?"

அவர் தன் பெரிய ஐஸ்தண்ணீர்க் குடுவையை எடுத்துச் சாவகாசமாக ஊற்றினார். "நீ போட்டது பத்தொம்பது."

"அப்பிடின்னா?"

"நீ ஊருக்குப் போயிட்ட. அச்சு செப்டம்பர்லதான் வந்துது. வண்டி நிக்குமா? பசங்க ஒன் வழியிலயே போட்டாங்க. 'நிமியா பிடி'ன்னு பேரே வச்சிருந்தானுங்க."

"எத்தன?"

"யாரு எண்ணினா? எரநூறு இருக்கும். கூடவும் இருக்கும்."

நிமியா அந்த எண்ணை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இருநூறு. பெட்டியையும் தவளையையும் மாப்பிள்ளையையும் திட்டித் திட்டி, வாராவாரம் ஜனங்களைத் தள்ளிக்கொண்டு போய் அந்த இருநூறில் அல்லவா உட்கார வைத்திருக்கிறாள்!

"பதினாறு வருஷம் தாங்கியிருக்குல்ல?" என்றார் எலாதியோ. குரல் இறங்கிவிட்டது, இப்போது கேலி இல்லை. "மகளே, நான் சொல்றதக் கேளு. வெள்ள வண்டிய ஒரு மணி நேரத்துல நீயே சரி பண்ணிரு. அந்தம்மா சந்தோஷமா ஓட்டிட்டுப் போகட்டும். மத்தது மத்தவன் பாடு. நீ ரேடியோவுல வாயத் தொறந்தா என்ன ஆகும் தெரியுமா? டீச்சர ஒருத்தனும் சீந்த மாட்டான். என் திடல்ல பதினொண்ணு நிக்குது. அது போகட்டும். ஒன்ன எவன் கூப்பிடுவான்? 'கண்ண மூடிட்டு வாங்கு'ன்னு சொன்னவளே கட்டில் இரும்ப வச்சு ஒட்டினவள்னு தெரிஞ்சா, காறித் துப்புவானுங்க. பதினொரு வருஷப் பேரு. அரை மணி நேரத்துல போயிரும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

"வெல்டிங் மிஷின் எங்க?" என்றாள் நிமியா.

முற்பகல் முழுக்க வேலை செய்தாள். கட்டில் இரும்பை அறுத்து எடுத்தாள்; அரை மணி நேரத்தில் கையோடு வந்துவிட்டது. கெட்டித் தகட்டை அளந்து வெட்டி, சுற்றிலும் பற்றவைத்து, இரண்டு போல்ட்டும் முடுக்கினாள். கொக்கியை மட்டும் போடவில்லை. எலாதியோ தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, முடிந்தது பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார். நிமியா அறுத்தெடுத்த பச்சை இரும்பைக் காலுறையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஒலிபரப்பு விளக்கு எரிந்தது. தெர்லிஸ் வழக்கம்போல உற்சாகமாக, "ஞா நிமியா, லுமெரா குடும்பத்த ஒரு தடவ..." என்று ஆரம்பித்தான்.

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லப்போறேன்" என்றாள் நிமியா. பச்சை இரும்பை மேஜைமேல் வைத்தாள். டங்கென்ற சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. "கேட்டுச்சா? இது ஆஸ்பத்திரிக் கட்டில். இது ஒரு டீச்சருக்குள்ள இருந்துது. வச்சது நான்."

தெர்லிஸ் இடைவேளைப் பாட்டைத் தேட ஆரம்பித்தான்.

"பதினாறு வருஷத்துக்கு முன்னால, பிராக்கெட்டு எட்டாததால நான் பண்ணின வேல இது. அன்னிக்கு எனக்கு ஒரு விலா எறைச்சி குடுத்தாங்க, பெருமையாத் தின்னேன். இப்ப அந்த வெல்டு பிளக்குது. முழுசாப் பிளந்தா ஸ்டியரிங் கையோட வந்துரும். அந்த மாதிரி எரநூறு டீச்சர் ரோட்டுல ஓடுது. கண்ண மூடிட்டு வாங்குன்னு ஒங்களுக்குச் சொன்னேன். உண்மையில கண்ண மூடிட்டிருந்தது நான். வண்டி மேல தப்பில்ல. அத ஜப்பான்ல நல்லாத்தான் செஞ்சாங்க. தப்பு என்னுது."

"ஞா நிமியா, ஒரு சின்ன இடைவேளை..." என்றான் தெர்லிஸ்.

"சும்மா இரு. இப்ப எல்லாரும் வண்டிக்குப் போங்க. ஸ்டியரிங்குக்கு அடியில கைய விட்டுத் தடவுங்க. பட்டையா, வழவழன்னு இருந்தா ஒண்ணும் பயமில்ல. எல் எழுத்து மாதிரி மடிஞ்சு முனையா இருந்தா, பச்சப் பெயிண்டு தெரிஞ்சா, இல்ல திருப்பும்போது டிக்குன்னா, ஓட்டாதீங்க. கட்டி இழுத்துட்டு வாங்க. நாளைக்கு ஏழு மணிலேர்ந்து லூக்கே ஊர்ல என் வீட்டு வாசல்ல நான் மிஷினோட நிப்பேன். காசு வேணாம். திட்டறதுன்னா திட்டுங்க, ஆனா வண்டிய நிறுத்திட்டுத் திட்டுங்க. தெரெரே அவங்கவங்க கொண்டு வந்துருங்க, எரநூறு பேருக்கு ஐஸ் வைக்க எங்கிட்ட வசதியில்ல."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாசல் மாமரத்தடியில் மிஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. ஏழேகால். ஏழரை. எதிர்வீட்டு நாய் வந்து மிஷினை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. எலாதியோ சொன்னதுதான் சரி, பேர் போயிற்று, வண்டிகளும் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். பேர் போனதுகூடப் பரவாயில்லை. இருநூறு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறதே.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் தெருமுனையில் ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பஸ் பாதையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தவை, தள்ளிக்கொண்டு வந்தவை, பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தவை. ஒன்பது மணிக்குள் தெரு நெடுக டீச்சர்கள், பள்ளி ஆண்டுவிழாப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல. முதலில் வந்தவன் திட்டினான். இரண்டாவது ஆளும் திட்டினான். நிமியா "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்தாள்.

நான்காவதாக வந்தவன் ஓஸ்மார். கொத்தனார், முப்பது வயது இருக்கும். மூன்று பெண் குழந்தைகள் பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். நிமியா கண்ணாடியை நீட்டினாள். கட்டில் இரும்பு ஒரு நூல் கனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் லேசாக அழுத்தினாள். பட்டென்று விழுந்து அவள் மார்பில் கிடந்தது.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தாள். பின் எழுந்து அதை அவனிடம் காட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான், பின்சீட்டைப் பார்த்தான்.

"நீங்க ரேடியோவுல சொன்னதக் கேட்டுத்தான் ஞா நிமியா இந்த வண்டிய வாங்கினேன்" என்றான்.

நிமியாவுக்கு அழுகை வந்தது, அத்தனை பேர் பார்க்க அழுதாள்.

"இன்னிக்கு வந்ததும் ரேடியோவுல சொன்னதக் கேட்டுத்தான்" என்றான் ஓஸ்மார். "அழுதது போதும். வெல்டு அடிங்க, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முகமூடியை மாட்டினாள். அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. பத்து மணிக்கு எலாதியோவின் திடல் ஆள்கள் பதினொரு டீச்சர்களையும் ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். கடைசி வண்டியிலிருந்து எலாதியோவே இறங்கினார்.

"வழிக்கு வந்தீங்களா முதலாளி?"

"வாய மூடிட்டுப் பாருடி. நேத்திலேர்ந்து வர்றவன் எல்லாம் 'நிமியா பாத்தாச்சா, நிமியா பாத்தாச்சா'ன்னு ஒரே கேள்வி. ஒருத்தனும் காச எடுக்க மாட்டேங்கறான்." சுற்றிலும் பார்த்தார். நீளமான வரிசை. பெருமூச்சு விட்டு மேல்சட்டையைக் கழற்றினார். "இன்னொரு முகமூடி இருக்கா?"

வரிசையின் நடுவே யாரோ கூவுவது கேட்டது. "சூடா சிப்பா! சிப்பா!" மிர்த்தாதான். இரண்டு கூடையோடு வந்து வரிசை முழுக்க விற்றுக்கொண்டிருந்தாள். நடுப்பகலுக்குள் இரண்டும் காலி.

"ஒங்களால எனக்கு நல்ல யாவாரம்" என்றாள் நிமியாவிடம் வந்து. "வாரம் ஒரு தடவ இப்பிடி ஏதாவது தப்பு பண்ணுங்களேன்."

"ஒன் வெள்ள வண்டி தயாரா இருக்கு."

"வாங்கிக்கறேன். ஆனா மொதல்ல நீங்க மலை எறக்கிக் காட்டணும். நான் பக்கத்துல உக்காந்துப்பேன்."

வியாழக்கிழமை இருவரும் காக்குபே வரை ஏறினார்கள். அதற்குள் நாற்பத்தெட்டு வண்டி பார்த்தாயிற்று, பதினேழில் கட்டில் இரும்பு; இருநூறும் வந்து சேரும்வரை ஞாயிறுதோறும் இதையே சொல்லப்போவதாக நிமியா அறிவித்துவிட்டாள், தெர்லிஸும் கூடச் சேர்ந்து சொல்ல ஒத்துக்கொண்டான். மேலே பேராலயத்தைத் தாண்டிய மேட்டில் வண்டியைத் திருப்பினாள். மிர்த்தா வலது பக்கம், ஒரு காலத்தில் ஸ்டியரிங் இருந்த இடத்தில், மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரிகளுக்கு நடுவே, வளைவுக்கு வளைவு, நிமியா ஒரே சீராக இறக்கினாள். இடது பக்கம் ஒடித்தாள், வலது பக்கம் ஒடித்தாள். ஒரு சத்தமில்லை.

"எப்பிடி?" என்றாள் அடிவாரத்தில். பழைய சத்தம் குரலில் திரும்பியிருந்தது. "இந்த நாட்டுலயே இத விட நல்ல டீச்சர் கெடையாது. எழுதித் தரேன்."

"நிறுத்துங்க. இனி நான் ஓட்டறேன்."

ஓரமாக நிறுத்தி இறங்கினாள். மிர்த்தா சுற்றிவந்தாள். உட்காரவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் மண்டி போட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, ரேடியோவில் சொன்ன மாதிரியே, மெல்லத் தடவிப் பார்த்தாள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

போன வாரம் வரை தன் வேலையை யாராவது இப்படித் தொட்டுப் பார்த்திருந்தால் நிமியாவுக்குச் சண்டை போடத் தோன்றியிருக்கும். இப்போது சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இருட்டா இருக்கும். நல்லா அடிச்சுப் பாரு."